உஷ்... அப்பா தூங்கறார்!

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்கிற கூட்டம் நம் ஊரில் பெருகிவிட்டது. 2020-ல் கொரோனா ஆரம்பித்துவைத்த வழக்கம். கொரோனா அடங்கிவிட்டது, வேலை அடங்கவில்லை. இந்தக் கூட்டத்தில் யாரையாவது பிடித்து அவர் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை கோர், எத்தனை ஜி.பி., எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று கடகடவென்று ஒப்பிப்பார். "ராத்திரியில் எவ்வளவு சத்தம் போடும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆசாமி முழிப்பார். அவருக்குத் தெரியாது. அவர் மனைவிக்குத் தெரியும்.

ஒரு சாதாரண டெஸ்க்டாப் பெட்டிக்குள் மூன்று ஃபேனாவது சுற்றிக்கொண்டிருக்கும். பிராஸஸர் தலையில் ஒன்று, பெட்டியின் முதுகில் ஒன்று, எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளைக்குள் ஒன்று. கேம் ஆடுகிறவராயிருந்தால் கிராஃபிக்ஸ் கார்டில் இன்னும் இரண்டு மூன்று. இவற்றில் முதல் இரண்டையும் 'ஓடு, அடங்கு' என்று மேய்ப்பது மதர்போர்டு. ஆனால் மதர்போர்டு வாங்கும்போது இதை யாரும் விசாரிப்பதில்லை. அட்டைப்பெட்டியின் மேலும் இதைப் பெரிதாகப் போட மாட்டார்கள். அங்கே ரோபோ படம் போடவே இடம் போதவில்லை.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் அப்பா.

குரோம்பேட்டையில் ஒரு பெட்ரூம் ஃபிளாட். பெட்ரூமில் மனைவியும் குழந்தையும். ஹாலில் ஒரு மூலையில் என் மேஜை, மறு மூலையில் அப்பாவின் கட்டில். நடுவே ஏழடி இருந்தால் ஜாஸ்தி. எனக்கு ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கணக்குவழக்கு வேலை. அவர்களுக்கு மத்தியானம் என்றால் எனக்கு நள்ளிரவு. கம்ப்யூட்டர், என் மச்சான் 2022-ல் அசெம்பிள் பண்ணி, துபாய் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. பிராஸஸர் நல்ல சரக்கு: ஏ.எம்.டி. ரைஸன் 5 5600ஜி. போர்டு மட்டும் இருப்பதிலேயே மலிவு. எக்ஸெல்லில் ஒரு பெரிய ஷீட்டைத் திறந்தால் ஃபேன் 'ஊ...ம்' என்று எழும்பும். ஐந்து விநாடியில் அடங்கும். பிரௌஸரில் இன்னொரு பக்கத்துக்குப் போனால் மறுபடி 'ஊ...ம்'.

அப்பா கோயமுத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் முப்பத்து மூன்று வருஷம் ஃபிட்டர். ரிங் ஃபிரேம் டிபார்ட்மென்ட். ஸ்பிண்டில்கள் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிற இடம். பக்கத்தில் நிற்கிறவனோடு பேசவேண்டுமானால் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு மில்லை ஒட்டிய லைன் வீட்டில் பகலெல்லாம் குறட்டை விட்டவர். அப்பேர்ப்பட்டவர் போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட பிறகு எங்களோடு வந்து சேர்ந்தார். டாக்டர் ஏழெட்டு மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, "ராத்திரி நல்லாத் தூங்கணும், அது முக்கியம்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

ஒருநாள் ராத்திரி ஒரு மணிக்கு மீட்டிங்கை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், கட்டில் காலி. சமையலறையில் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்திருந்தார். மறுநாளும் அங்கேதான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகத்தான் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் சத்தம் தொந்தரவா இருக்குதுங்களாப்பா?"

"சத்தம் ஒண்ணும் பண்ணாது கண்ணு. மில்லுச் சத்தத்துலயே தூங்குனவன் நானு. இது ஓடறதும், அடங்கறதும், மறுக்கா ஓடறதும்... ஒடம்பு அதையே பாத்துட்டுக் கெடக்குது. எப்ப வரும், எப்ப வரும்னு."

யோசித்துப் பாருங்கள். தலைக்கு மேலே சீலிங் ஃபேன் விடிய விடிய 'கடக் கடக்' என்கிறது, தூங்குகிறோம். கரண்ட் போய் அது நின்றால் வீடே எழுந்து உட்காருகிறது. புழுக்கம் பிறகுதான் வரும். முதலில் எழுப்புவது நிசப்தம்! ஒரே சீரான சத்தம் காதுக்குப் பழகிவிடும். ஏறி இறங்குகிற சத்தம் பழகாது. ஆகவே எனக்கு வேண்டியது விலை உயர்ந்த ஃபேன் அல்ல, இருக்கிற ஃபேனைப் பதறாமல் நடத்துகிற போர்டு.

ஃபேன் ஏன் பதறுகிறது? 5600ஜி-யின் அடிப்படை வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸ். அவசரம் வந்தால் 4.4 வரை தாவும். இப்போதைய பிராஸஸர்கள் எல்லாமே இப்படித்தான். ஒரு பக்கத்தைத் திறக்கிற அந்த ஒரு விநாடிக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும். சில்லின் வெப்பம் ஒரே தாவலில் பத்து டிகிரிக்கு மேல் ஏறும். அடுத்த விநாடி இறங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், சில்லின் மேல் உட்கார்ந்திருக்கிற ஹீட்ஸிங்க் என்கிற உலோகக் கட்டிக்கு அதற்குள் சூடே ஏறியிருக்காது. தோசைக்கல் காயுமுன் அடுப்பை அணைத்த கதை. காயாத கல்லுக்கு விசிறி எதற்கு? மலிவுப் போர்டுக்கு இந்த விவேகம் கிடையாது. எண் ஏறினால் ஃபேனை விரட்டும். மேனேஜர் தும்மினால் ஆம்புலன்ஸுக்கு போன் போடுகிற கிளார்க் மாதிரி.

நல்ல போர்டு கொஞ்சம் பொறுக்கும். அதன் பயாஸில் இதற்கென்று ஓர் இடம் இருக்கும். ஸ்டெப் அப் டைம், ஸ்பின் அப் டைம், ஸ்மூத்திங் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். வெப்பம் ஏறினால் வேகத்தை உடனே கூட்டாமல் சில விநாடிகளில் மெள்ள மெள்ளக் கூட்டு என்பதுதான் அதன் சாரம். கூடவே ஹிஸ்டரஸிஸ் என்று ஒரு சமாசாரம். பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம். கூட்டிய வேகத்தைக் குறைக்குமுன் வெப்பம் இத்தனை டிகிரி தணிந்தாக வேண்டும் என்கிற நிபந்தனை, அவ்வளவே. இது இல்லாவிட்டால் ஃபேன் ஒரு டிகிரி ஏறினால் எழும்பி, ஒரு டிகிரி இறங்கினால் படுத்து, இரவு பூரா தோப்புக்கரணம் போடும்.

இதையெல்லாம் செய்வது போர்டின் ஓரத்தில் இருக்கிற ஒரு சின்னக் கறுப்புச் சில்லு. சூப்பர் ஐ.ஓ. என்று பெயர். பெரும்பாலும் நுவோட்டன் அல்லது ஐ.டி.இ. தயாரிப்பு, இரண்டுமே தைவான் கம்பெனிகள். வெப்பத்தைப் படிப்பது, ஃபேனின் சுற்றை எண்ணுவது, வேகத்தைக் கட்டளையிடுவது எல்லாம் இதன் பொறுப்பு. ஒரே சில்லை இரண்டு போர்டுகளில் வைத்திருப்பார்கள். ஒன்றில் எல்லா வசதியையும் பயாஸில் திறந்து காட்டுவார்கள். இன்னொன்றில் 'சைலன்ட், நார்மல், ஃபுல்' என்று மூன்றே மூன்று பொத்தானோடு நிறுத்திவிடுவார்கள். மச்சான் விட்டுப்போன போர்டு இரண்டாவது ரகம். அதில் 'சைலன்ட்' போட்டாலும் 'ஊ...ம்' நிற்கவில்லை, கொஞ்சம் தாழ்ந்த சுருதியில் வந்தது. பெட்டி ஃபேனோ எந்தக் கட்டளைக்கும் அடங்காமல் முழு வேகம்தான்.

அதற்குக் காரணம் ஊசி. போர்டில் ஃபேனைச் செருகுகிற இடத்துக்கு ஹெட்டர் என்று பெயர். ஃபேன் ஒயரின் முனையைப் பாருங்கள், மூன்று துளையா நாலு துளையா? மூன்று என்றால் ஒன்று தரை, ஒன்று 12 வோல்ட், ஒன்று சுற்றை எண்ணிச் சொல்கிற ஒயர். இதன் வேகத்தைக் குறைக்க ஒரே வழி வோல்ட்டைக் குறைப்பது. ரொம்பக் குறைத்தால் ஃபேன் கிளம்பவே கிளம்பாது. நாலாவது ஒயர் இருந்தால் அது கட்டளைக்கென்றே தனி. 12 வோல்ட் அப்படியே இருக்கும். விநாடிக்கு 25,000 தடவை 'போ, நில், போ, நில்' என்று நாலாவது ஒயரில் துடிப்பு போகும். போ என்கிற நேரம் அதிகமானால் வேகம் அதிகம். இதுதான் பி.டபிள்யூ.எம். இன்டெல் 2004-ல் கொண்டுவந்த ஏற்பாடு. ஏன் 25,000? மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது, துடிப்பே விசில் அடித்துவிடக் கூடாதே என்றுதான்!

இப்போது சிக்கல் புரிந்திருக்கும். மூன்று ஒயர் ஃபேனை, பி.டபிள்யூ.எம். மட்டுமே தெரிந்த ஹெட்டரில் செருகினால் கட்டளை போக வழியில்லை. 12 வோல்ட்டும் முழுசாகப் போகும், ஃபேன் தலைதெறிக்க ஓடும். எங்கள் வீட்டுப் பெட்டி ஃபேனின் ஜாதகம் இதுவே. ஆகவே ஹெட்டர் ஒவ்வொன்றும் பி.டபிள்யூ.எம்., டி.சி. இரண்டையும் தெரிந்ததாக இருக்கவேண்டும். பிராஸஸர் ஃபேனுக்கு மட்டும் அந்தச் சலுகை கொடுத்துவிட்டு மற்றதைக் கைகழுவுகிற போர்டுகள் உண்டு.

இதை எங்கே போய்த் தெரிந்துகொள்வது? கடையில் அல்ல. எல்லாப் போர்டு கம்பெனிகளும் மேனுவலை இலவசமாக வெளியிடுகின்றன. பணத்தை எண்ணுமுன் அதை இறக்கிப் படியுங்கள். கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டில் சாப்பிட்டுப் பார்க்கிற மாதிரி. ஹெட்டர் படம் போட்டிருக்கிற பக்கத்தையும் பயாஸ் விளக்கத்தில் ஃபேன் வருகிற பக்கத்தையும் பார்த்தால் போதும். ஏஸஸ் அதை க்யூ-ஃபேன் என்கிறது, ஜிகாபைட் ஸ்மார்ட் ஃபேன், ஏஸ்ராக் ஃபேன்-டாஸ்டிக் டியூனிங். எம்.எஸ்.ஐ.-யில் ஹார்டுவேர் மானிட்டர் என்ற திரைக்குள் இருக்கும். நாலைந்து புள்ளி வைத்துக் கோடு வரைய விடுகிறதா, ஃபேன் எந்த வெப்பத்தைப் பார்த்து ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க விடுகிறதா, இந்த இரண்டும் முக்கியம். இரண்டாவதை அநேகம் பேர் கவனிப்பதே இல்லை. பெட்டியின் முதுகு ஃபேன் பிராஸஸரின் ஒரு விநாடிக் காய்ச்சலைப் பார்த்து ஓடவேண்டிய அவசியம் என்ன? போர்டின் வெப்பத்தைப் பார்க்கச் சொன்னால், அது அரை டிகிரி ஏறவே நிமிஷக்கணக்காகும். ஃபேனும் யானை மாதிரி நிதானமாகப் போகும்.

விண்டோஸில் ஓடுகிற ஃபேன் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, சிலது இலவசம், ஃபேன்கன்ட்ரோல் என்பது கெட்டிக்காரத்தனமானதும்கூட. ஆனால் விண்டோஸ் எழுந்து வந்த பிறகுதான் அதற்கு வேலை, அப்டேட் ஏதாவது வந்து காலை வாரினால் ராத்திரி ஒரு மணிக்கு நாம்தான் மல்லாட வேண்டும். பயாஸில் போட்டது போட்டபடி கிடக்கும். ஒன்று மட்டும்: பயாஸையே அப்டேட் செய்தால் ஃபேன் செட்டிங் அழிந்துபோக வாய்ப்பு உண்டு. செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.

மேனுவல்களை ஒரு வாரம் படித்துவிட்டு ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனேன். ரிச்சி தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மவுண்ட் ரோட்டுக்குப் பக்கத்தில் அத்தனை குறுகலான சந்தில், அங்கே கிடைக்காத எலெக்ட்ரானிக்ஸ் சாமான் இல்லை. கேள்வி கேட்க மட்டும் இடமில்லை, பின்னால் வருகிறவர் தள்ளிவிடுவார்.

"எல்லா ஹெட்டரும் டி.சி., பி.டபிள்யூ.எம். ரெண்டும் செய்யற பி550 போர்டு இருக்கா?"

கடைப்பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "கேமிங்குக்கா அண்ணா?"

"இல்லப்பா. தூங்கறதுக்கு."

"லைட்டு எரியற மாடல் ஒண்ணு வந்திருக்குண்ணா, சூப்பரா இருக்கும்" என்று தொடர்ந்தான். தூங்குவதற்கு என்று போர்டு கேட்ட முதல் கிராக்கி நான்தான் போலிருக்கிறது.

பி550 என்று ஏன் குறிப்பாகக் கேட்டேன்? 5600ஜி, பழைய ராம், ஹார்டு டிஸ்க் எதையும் மாற்றாமல் போர்டை மட்டும் மாற்றலாம். அண்ணன்காரனான எக்ஸ்570 இன்னும் உசத்திதான், ஆனால் 2019-ல் அது வந்தபோது பெரும்பாலான போர்டுகளில் சிப்செட்டின் தலையிலேயே ஒரு குட்டி ஃபேனை உட்காரவைத்திருந்தார்கள். சின்ன ஃபேன் என்றால் சத்தம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். அதே காற்றைத் தள்ள அது பல மடங்கு வேகமாக ஓடியாக வேண்டும், கொசு மாதிரி. 2020-ல் வந்த பி550-க்கு அந்தக் கொசு தேவைப்படவில்லை. 2021-ல் எக்ஸ்570எஸ் என்ற பெயரில் கொசுவை எடுத்துவிட்டு மறுபடி விற்றார்கள். நாலு ஹெட்டர் உள்ள ஒரு பி550 போர்டு பத்தாயிரத்தை ஒட்டிக் கிடைத்தது. பில்லைப் பார்த்த மனைவி, "இந்தக் காசுக்கு மாமாவுக்கு நல்ல மெத்தை வந்திருக்குமே" என்றாள். நியாயமான கேள்வி. மெத்தையைச் சமையலறையில் போட இடமில்லை என்று சொன்னேன்.

மாட்டுவது அரை நாள் வேலை. போர்டு மாறினால் விண்டோஸ் 'நீ யார்?' என்று மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம், தயாராக இருங்கள்.

கோடு வரைகிற விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுக்காரர்கள் வரைந்து காட்டுகிற ஃபேன் கோட்டை அப்படியே காப்பியடிக்காதீர்கள். அவர்கள் அறையில் இருபது, இருபத்திரண்டு டிகிரி. நம் ஊரில் கத்திரி வெயில் காலத்தில் ராத்திரி பத்து மணிக்கும் ஏ.சி. இல்லாத ஹால் முப்பத்து நாலில் நிற்கும். அறை பன்னிரண்டு டிகிரி சூடு என்றால் பிராஸஸரும் ஏறக்குறைய அதே பன்னிரண்டு டிகிரி கூடுதலாகவே இருக்கும், அது சும்மா இருந்தாலும். அவர்கள் ஐம்பது டிகிரியில் ஃபேனை முடுக்கினால் நம்முடையது காலையிலிருந்து முடுக்கியபடியே இருக்கும். 5600ஜி-யின் எல்லை 95 டிகிரி. ஆகவே நான் 65 வரை கோட்டைப் படுக்கையாகவே விட்டேன். முப்பது சதவிகிதம், மாறாத வேகம். 80-ல் அறுபது சதவிகிதம், 88-ல் முழு வேகம். எக்ஸெல்லும் பிரௌஸரும் எவ்வளவு குதித்தாலும் 65-ஐத் தாண்டவில்லை. அதாவது ராத்திரி பூரா ஒரே சுருதி.

வேகத்தைக் குறைப்பதில் லாபம் எவ்வளவு என்றால், ஃபேனின் சுற்று பாதியானால் காற்று பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபெல் இறங்கும். 10 டெசிபெல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். பாதிக் காற்றைக் கொடுத்து மூன்றில் இரண்டு பங்குச் சத்தத்தை வாங்கிக்கொள்கிற வியாபாரம். இந்த விலைக்கு ரிச்சி தெருவிலேயே எதுவும் கிடைக்காது.

எல்லாம் சரி, ஆனால் முதல் ராத்திரி வேறு ஒன்று முளைத்தது. பெட்டியின் முன்பக்கம் புதிதாக ஒரு ஃபேன் சேர்த்திருந்தேன், முதுகில் இருப்பதற்கு ஜோடியாக. இரண்டும் ஒரே மாடல். 'உவ்... உவ்... உவ்' என்று அலை அலையாக ஒரு சத்தம். அப்பா சமையலறையிலிருந்து எழுந்து வந்து, நின்று கேட்டார்.

"ரெண்டும் ஒரே வேகத்துல உட்டிருக்கியா?"

"ஆமாங்ப்பா."

"ஒரே வேகம்னு நீ நெனைக்கற. அதுக ரெண்டும் நெனைக்கணுமே. மில்லுல ரெண்டு மோட்டாரு பக்கத்துல பக்கத்துல ஓடுனா இப்பிடித்தான் அடிச்சுக்கும். ஒண்ணைக் கொறை."

பயாஸில் பார்த்தால் ஒன்று 1,000 சுற்று, இன்னொன்று 1,010. ஏழு இறக்கை. கணக்குப் போட்டேன்: இறக்கைகள் காற்றை வெட்டுகிற எண்ணிக்கையில் வித்தியாசம் விநாடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல். அந்த 'உவ்'வும் விநாடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல்! வீணை, தம்பூரா சுருதி சேர்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. ஒன்றை 850, இன்னொன்றை 700 என்று தள்ளி வைத்தேன். அலை போய்விட்டது. ஒவ்வொரு ஹெட்டருக்கும் தனித்தனியாகக் கோடு வரைய விடுகிற போர்டு இல்லையென்றால் இது நடக்காது.

இரண்டு நாள் கழித்து பாய் சுருட்டி அலமாரி மேல் ஏறியிருந்தது. யார் ஏற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காலையில் காபி குடிக்கும்போது, "நேத்து ராத்திரி உனக்கு வேலை இல்லியா கண்ணு?" என்றார். ஒன்றேகால் மணி வரை அவர் தலைமாட்டில்தான் வேலை பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தேன். மூடி, மறுபடி ஓடவிட்டதும் அப்பா என் டூல்ஸ் டப்பாவிலிருந்து நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து வந்தார். அதன் முனையைப் பெட்டியின் வெளித்தகட்டில், பவர் சப்ளை இருக்கிற பக்கம் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மில்லில் பேரிங் பார்க்கிற முறை. பவர் சப்ளைக்குள் இருக்கிற ஃபேன் மதர்போர்டின் பேச்சைக் கேட்காது, அது தன் இஷ்டத்துக்கு ஓடுவது, எந்தப் போர்டு வாங்கினாலும் அதற்குக் கடிவாளம் கிடையாது.

"இதுல பேரிங் தேய ஆரம்பிச்சிருச்சு" என்றார். "தீபாவளி வரைக்கும் ஓடும். அப்பறம் மாத்தீரு."